அம்மாவும் சங்கத்து நெல் வண்டியும்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளில் எங்களோடு கூடியிருக்கும் உறவினர்களுக்கும், அயலவர்களுக்கும், மாதர் சேவைச் சங்கத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அம்மாவின் குலமுறையையும் பிள்ளைகளின் துயரத்தையும் பெரிய மாமா இந்த நினைவு மலரில் பாட்டாகப் பாடியிருக்கிறார். சங்க வேலையைப் பற்றி நீதான் எழுத வேண்டும், நீதான் கூடத் திரிந்தவள் என்று எங்கள் தகப்பனார் ஐயா என்னிடம் சொன்னார். ஒப்புக்கொண்டேன். ஆனால் நான்கு நாட்களாக ஒரு வரியும் எழுத முடியவில்லை.

காரணம் இதுதான். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையையே சொன்னார்கள். அம்மாவுக்குக் களைப்பு என்றால் என்னவென்று தெரியாது என்றார்கள். சிரித்த முகத்தோடு பன்னிரண்டு வருடம் ஊருக்கு உழைத்தவர் என்றார்கள். அன்பினால் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது உண்மையல்ல. அம்மாவுக்குக் களைப்பு நன்றாகத் தெரியும். அதை எழுதாமல் அம்மாவைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அம்மா பருத்தித்துறைக்கு அண்மையில் ஒரு புகையிலைத் தோட்டக்காரரின் மூத்த மகளாகப் பிறந்தவர். அவருக்குப் பின்னால் ஐந்து பேர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போனார். ஆனால் அந்த ஐந்து வருடத்தில் படிந்த கையெழுத்து கடைசிவரை மாறவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே, கோட்டில் இருத்தியது போல இருக்கும். பத்தொன்பது வயதில் ஐயாவைக் கலியாணம் செய்தார். இரண்டு பேருடைய காணியையும் சேர்த்தாலும் ஒரு குடும்பம் பிழைக்கக் காணாது. வன்னியில் குளத்தின் கீழ் அரசாங்கம் வயற்காணி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு ஐயா மனுப் போட்டார். கிடைத்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கைக்குழந்தையாக ஒரு தம்பி. பரந்தனில் ரயிலால் இறங்கி, முல்லைத்தீவு வீதியால் மாட்டுவண்டியில் தர்மபுரத்துக்கு வந்தோம். வீட்டுக்குக் கூரை இருந்தது, கதவு இல்லை. ஐயா காட்டுத்தடியால் படலை கட்டினார். அந்த முதல் மாரியிலேயே தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. வீதி வெள்ளத்தில் மூடிக் கிடந்தது. மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. ஐயாவும் அயலில் இரண்டு பேரும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். வீட்டில் அம்மாவோடு இருக்க ஒரு பெண் துணையில்லை. ஊரே புதிது, ஒருவரை ஒருவர் தெரியாது. எனக்குத் தெரிந்த வரையில் சங்கம் அன்றைக்குத் தொடங்கியது. சங்கத்தின் அறிக்கைப் புத்தகத்தில் வேறு திகதி இருக்கிறது.

அடுத்த வருடம் பக்கத்து வீட்டில் பிள்ளைப்பேறு வந்தபோது அம்மா கேட்காமலே போய் நின்றார். பிறகு அந்தப் பெண்ணும் அம்மாவுமாக இன்னொரு வீட்டுக்குப் போனார்கள். காய்ச்சல் வந்த வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். இப்படி ஏழெட்டுப் பேர் சேர்ந்திருந்த வேளையில் கிளிநொச்சியிலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தர் வந்து, இதை ஒரு சங்கமாகப் பதிந்தால் நல்லது என்று சொன்னார். கடைக்கார வீட்டு அம்மையார் தலைவியானார். எழுத்து அழகு என்பதற்காக அம்மாவைக் காரியதரிசியாக்கினார்கள். அம்மா கேட்டு வாங்கிய பதவியல்ல அது. எழுதுகிறவர்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

சங்கத்தின் வேலை பருவத்தோடு போவது. மாசி, பங்குனியில் அறுத்த கதிரைக் களத்தில் போட்டுச் சூடு மிதிக்கும்போது சங்க வண்டி களம் களமாகப் போகும். ஒவ்வொரு களத்திலும் ஒரு பனையோலைக் கடகம் நெல் கேட்பார்கள். அந்த நெல் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் சேரும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகிற சனங்களுக்கு வீதியோரத்தில் தண்ணீர்ப்பந்தல் போட்டு, மோரும் சர்க்கரைத் தண்ணியும் கொடுத்து, பக்கத்தில் ஓர் உண்டியல் வைப்பார்கள். அதில் விழுவது தைப்பொங்கலுக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பாகும். பிறகு கார்த்திகை, மார்கழி. வயலில் பயிர் நிற்கும், வீட்டில் நெல் இராது, கூலி வேலையும் இராது. சேர்த்த நெல்லைக் குத்தி வீடு வீடாகக் கொடுப்பது அப்போதுதான்.

கொடுப்பது பெரும்பாலும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளுக்கு. அங்கே இருந்தவர்களுக்குக் காணி கிடைக்கவில்லை. எங்கள் வயல்களில் கூலிக்கு நாற்பிடுங்கி, அரிவு வெட்டிப் பிழைத்தார்கள். சங்கத்தில் சிலருக்கு அந்தப் பக்கம் போக விருப்பமில்லை. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கால் நோகுது என்றார்கள், மழை என்றார்கள். அம்மா அவர்களோடு வாதாடவில்லை. தலையில் பெட்டியை வைத்துக்கொண்டு தானே போனார். பிறகு அது அம்மாவின் வேலையாகிவிட்டது.

களத்துக்குப் போவது அதைவிடக் கடினம் என்று அம்மா சொல்வார். கொடுக்கும்போது ஒருவரும் முகத்தைத் திருப்புவதில்லை. கேட்கும்போதுதான் திருப்புவார்கள். வெயிலில் நிற்க வேண்டும், சூடு மிதித்து முடியும் வரை காத்திருக்க வேண்டும், கேலியையும் பகிடியையும் கேட்டும் கேட்காதது போல இருக்க வேண்டும். மாலையில் வீட்டுக்கு வரும்போது கழுத்தெல்லாம் நெற்சுணை பட்டுத் தடித்திருக்கும். கிணற்றடியில் இரண்டு வாளி வார்த்துவிட்டு, குசினியில் எங்களுக்குச் சமைத்து வைத்துவிட்டு, வெறும் நிலத்தில் முந்தானையை விரித்துப் படுத்துவிடுவார். கால் இரண்டையும் நான் அமத்திவிடுவேன். ஒரு நாள் ஐயா, ஏன் இப்படி உத்தரிக்கிறீர், விடுமன் என்று சொன்னார். விட்டால் ஆர் செய்யிறது என்றுதான் அம்மா கேட்டார். அதில் பெருமை இருக்கவில்லை. பதில் கிடைக்குமா என்று பார்ப்பது போலத்தான் கேட்டார்.

சங்கத்தின் ஏழாம் வருடத் தை மாதத்தில் அம்மா கூட்டத்தில் எழுந்தார். பள்ளிக்கூடக் கொட்டகையில் இருபது பெண்கள் வரை இருந்தோம். நானும் அந்த வருடம்தான் சங்கத்தில் சேர்ந்திருந்தேன். மாசி வண்டியைப் பற்றிய கதை வந்தபோது அம்மா எழுந்து நின்றார்.

"எனக்கு ஏலாமக் கிடக்கு. இந்த வருஷம் ஆராவது வண்டியோட போங்கோ. நான் எழுத்து வேலையைப் பாக்கிறன்."

சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளைக்குத் தலை கோதத் தொடங்கினாள். கடைசியில் தலைவி சொன்னார்: "நீங்கள் இல்லாட்டி ஆரக்கா இதைச் செய்யிறது? உங்கட முகத்துக்குத்தானே சனம் நெல்லுத் தருகுது." எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். அம்மா சிரித்தார். பிறகு கீழே இருந்துவிட்டார், மறுபடி எழும்பவில்லை. பொருத்தமான ஒருவரைத் தேடுவது என்று அறிக்கையில் எழுதினார். அந்த அழகான கையெழுத்தில் அது இன்னும் இருக்கிறது.

ஒருவரும் தேடவில்லை. மாசி வந்தது, பங்குனி போனது. வண்டி போகவில்லை.

அந்த இரண்டு மாதமும் அம்மா எப்படி இருந்தார் என்று இங்கே சொல்ல விரும்புகிறேன். மத்தியானம் சாப்பிட்டபின் பாய் போட்டுப் படுத்தார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது அம்மா நித்திரையாக இருப்பதை என் வாழ்நாளில் அப்போதுதான் கண்டேன். கிணற்றடியில் கத்தரி நட்டார். முகம் சற்றுத் தெளிந்தது. பின்னால் பிறந்த தம்பிமார் இருவருக்கும் பக்கத்தில் இருத்திச் சோறு குழைத்துக் கொடுத்தார். ஐயாவுக்கு நல்ல சந்தோஷம். எனக்கும்தான். அதற்குப் பிறகு நடந்தவற்றை எல்லாம் தெரிந்த பின்னும், அந்த இரண்டு மாதத்தை நான் குறையாக நினைக்கவில்லை.

அந்த வருடத்து மாரி பெருமழையாகப் பெய்தது. மார்கழியில் ஒரு நாள் விடியற்புறம் வாய்க்கால் உடைத்துக்கொண்டது. அந்தப் பக்கத்துக் குடிசைகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகளையும் சட்டி பானைகளையும் தூக்கிக்கொண்டு பதினொரு குடும்பங்கள் பள்ளிக்கூடக் கொட்டகைக்கு வந்து ஏறின. சங்கத்தின் நெல் அறையைத் திறந்தோம். உள்ளே வெறும் சாக்குகள்தான் மடித்துக் கிடந்தன. தலைவி கிளிநொச்சிக்கு ஆள் அனுப்பிச் செய்தி சொல்வோம் என்றார். ஆள் போனது. ஆனால் வீதி உடைந்து கிடக்கிறது என்று இடைவழியில் திரும்பி வந்தது.

அம்மா நேரே வீட்டுக்கு வந்தார். எங்கள் நெற்பட்டறையில் மாசி வரைக்கும் நாங்கள் சாப்பிட வைத்திருந்த நெல் இருந்தது. அம்மா அதன் முன்னால் போய் நின்றார். ஐயா மழையில் நனைந்து வந்து வாசலில் நின்று பார்த்தார். விஷயம் அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"எங்கட பிள்ளையள்?" என்று கேட்டார்.

"தெரியும்."

"நீர் யோசிச்சுத்தான் செய்யிறீரோ?"

"மாசியில நான் போயிருந்தால் எங்கட நெல்லில கை வைக்கத் தேவையில்லை. நான் போகேல்லை. இப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

ஐயா கோபக்காரர் என்பது இங்கே பலருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் கோபிக்கவில்லை. தானே பட்டறையைத் திறந்து சாக்குப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். பாதிக்கு மேல் போனது. மாசி வரை நாங்கள் மரவள்ளிக் கிழங்கும் கஞ்சியுமாகச் சமாளித்தோம். தம்பிமார் முறைப்பட்டார்கள். நானும் மனதுக்குள் முறைப்பட்டேன். அம்மாமீது அல்ல, கொட்டகையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இருபது பேர்மீது. அவர்களில் நானும் ஒருத்தி என்பது கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

வெள்ளத்துக்குக் கொட்டகையில் வந்து ஏறியவர்களில் சின்னமணி என்றொரு பெண். புருஷன் முந்திய வருடம் காட்டுக்கு விறகுக்குப் போய் யானை அடித்துச் செத்துப் போனவர். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை. மூன்றாம் நாள் அந்தப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. நெஞ்சளவு தண்ணீரைக் கடந்து, அரசாங்க மருந்துச்சாலையில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா வந்து சேர்ந்தபோது பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது. அன்று பின்னேரம் அது அம்மாவின் மடியில் இறந்தது. சின்னமணி அப்போது உடுப்புக் காயவைக்கும் இடத்தில் நின்றாள்.

இது பசியால் வந்த சாவு அல்ல, வெள்ளத்துத் தண்ணியைக் குடித்ததால் வந்தது, நெல் இருந்திருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று அப்போதிக்கரி ஐயா அம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். படித்தவர், பொய் சொல்ல அவருக்கு அவசியமில்லை. அம்மா தலையாட்டினார். கேட்டுக்கொண்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

பிள்ளையை அடக்கிவிட்டு வந்த பிறகு சின்னமணி அம்மாவின் பக்கத்தில் வந்து குந்தினாள். ஏசப் போகிறாள் என்று நான் பயந்தேன். அவள் மெல்லிய குரலில் சொன்னது இதுதான்:

"கார்த்திகை பிறந்தவுடன வருவீங்களெண்டு பாத்துக்கொண்டிருந்தனான். காணேல்லை எண்டவுடன உங்களுக்கு ஏதோ வருத்தமாக்கும் எண்டு நினைச்சன். இப்ப சுகமா இருக்கிறீங்கள்தானே, அம்மா?"

அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அப்போதிக்கரி ஐயாவின் சொல் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் இந்தக் கேள்விதான் அம்மாவோடு வீட்டுக்கு வந்தது. பிறகு ஒரு நாளும் போகவில்லை.

அடுத்த மாசியில் அம்மா வண்டியில் ஏறினார். ஏலாது என்ற சொல்லைச் சங்கத்தில் அதன் பிறகு அவர் சொல்லவில்லை. முகம் மலர்ந்து போனார் என்று எழுதினால் அது பொய். முழங்கால் வீங்கியிருந்தது. நல்லெண்ணெய் பூசித் துணி சுற்றிக்கொண்டு போனார். நானும் கூடப் போகத் தொடங்கினேன். விருப்பத்தோடு அல்ல, தனியே விட மனமில்லாததால்.

அந்த வருடம் நிறைய வயல் உள்ள ஒரு பெரிய கமக்காரர், நல்ல மனுஷர்தான், எங்களை வெகுநேரம் வெயிலில் காத்திருக்க வைத்துவிட்டுப் பகிடியாகச் சொன்னார்: "போன வருஷம் நீங்கள் வரேல்லை. நிம்மதியா இருந்தனாங்கள்."

"நானும் நிம்மதியாத்தான் இருந்தனான்," என்றார் அம்மா.

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா பகிடி விடவில்லை என்று கண்டதும் தன் ஆளைக் கூப்பிட்டு இரண்டு கடகம் போடச் சொன்னார். குடிக்கத் தேத்தண்ணியும் கொடுத்தார். அதற்குப் பிறகு அவருடைய களத்தில் நாங்கள் காத்து நின்றதில்லை.

இப்படி இன்னும் ஐந்து வருடம். களம், பந்தல், குடிசை, மறுபடி களம். நல்ல நாட்களும் இருந்தன. முல்லைத்தீவிலிருந்து லொறியில் கருவாடு கொண்டு வரும் முஸ்லிம் அண்ணர் காசிம் காக்கா ஒவ்வொரு வைகாசியும் பந்தலடியில் லொறியை நிற்பாட்டி, மோருக்குப் பிழிய ஒரு சாக்குத் தேசிக்காய் இறக்கிவிட்டு, தங்கச்சி, எனக்கும் ஒரு செம்பு மோர் தாருங்கோ என்று கேட்டு வாங்கிக் குடிப்பார். பொங்கலுக்குப் புதுச் சட்டை போட்ட பிள்ளைகள் வாய்க்காற் கட்டின் மேல் வரிசையாக நடந்து வருவதைப் பார்க்க அம்மாவுக்குப் பிடிக்கும். கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு, சரி, வா பிள்ளை, வீட்டில உலை வைக்கவேணும் என்று திரும்பிவிடுவார். அவ்வளவுதான் அவருடைய கொண்டாட்டம்.

கடந்த ஐப்பசியில் கால் வீக்கம் முழங்காலோடு நிற்கவில்லை. மூச்சு வாங்கியது. எங்களுக்கு ஒளித்தார். கார்த்திகையில் கதிரையில் இருந்தபடியே குடிசைகளின் பெயர்களைச் சொல்ல நான் எழுதினேன். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எவளுக்கு இது எத்தனையாம் மாதம் என்று ஒன்றும் தவறவில்லை. மார்கழி முடிவில் ஒரு காலை எழும்பவே முடியாமல் போனது. காசிம் காக்கா லொறியின் முன்பக்கத்தில் மெத்தை விரித்து அம்மாவை இருத்தி, பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டி, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இதயம் பலவீனப்பட்டுவிட்டது, மிகவும் பிந்திவிட்டது என்றார்கள். அவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள்.

அங்கே அம்மா நான்கு நாள் இருந்தார். பெரும்பாலும் நித்திரை. மூன்றாம் நாள் கண் விழித்து என்னைப் பார்த்தார். ஊரைப் பற்றி, சங்கத்தைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"இஞ்ச நல்ல நித்திரை, பிள்ளை. ஒருத்தரும் கூப்பிடினமில்லை."

அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் காலையில் அமைதியாகப் போய்விட்டார். எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போன கடைசிக் கதை அதுதான். அதில் உபதேசம் ஒன்றுமில்லை. என்னால் இதைவிட உயர்ந்ததாக ஒன்றைக் கற்பித்து எழுத முடியாது.

இந்தத் துயரத்தில் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சாவுச் செய்தி கேட்டு ரயிலேறி வந்த பருத்தித்துறை உறவினர்களுக்கும், பந்தல் போட்டுத் தண்ணீர் அள்ளிய அயலவர்களுக்கும், முதல் எட்டு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டு வந்த குடும்பங்களுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது போலவே வீட்டுக்கும் கொண்டு வந்து சேர்த்து, ஐயா நீட்டியதை வாங்க மறுத்துவிட்ட காசிம் காக்காவுக்கும், வெள்ளத்தில் எங்களோடு நின்ற அப்போதிக்கரி ஐயாவுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அம்மாவின் உடலைக் குளிப்பாட்டச் சின்னமணி வந்தாள். அவளை வாசலில் மறித்த ஒருவரிடம், உள்ளே விடுங்கோ என்று ஐயா சொன்னார். அவள் அம்மாவின் கால் வீக்கத்தைப் பார்த்து அழுதாள். அவளுக்குத் தனியாக எங்கள் நன்றி.

சென்ற வாரம் சங்கத்துப் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். காரியதரிசி வேலையை நான் எடுக்க வேண்டுமென்று கேட்டார்கள். அம்மாவின் இடத்தை நிரப்ப வேறு ஆர் இருக்கினம் என்று தலைவி கேட்டார். நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். பிறகு கூட்டத்துக்குப் போய் என் நிபந்தனைகளைச் சொன்னேன். வண்டியோடு போவது ஒருவர் வேலையல்ல, ஒவ்வொரு கிழமையும் வெவ்வேறு இரண்டு பேர் போக வேண்டும். காணி இல்லாதவர்களும் சங்கத்தில் சேரலாம். அம்மாவின் காலத்தைப் போல மறுபடி எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். நான் கீழே இருக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். கால் வலித்தது. நெடுநேரத்துக்குப் பிறகு இரண்டு பேர் கை தூக்கினார்கள். அடுத்து இன்னும் மூன்று பேர். முதற் கிழமைக்குச் சின்னமணியின் பெயரை எழுதினோம். சிலர் எழும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வருவார்களா என்று எனக்குத் தெரியாது.

நான் சம்மதித்தேன். ஒரு வருடத்துக்கு மட்டும், அதன் பிறகு வேறொருவர் என்பதை அறிக்கைப் புத்தகத்தில் முதல் வரியாக எழுதுவித்து, எல்லோருக்கும் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வைத்தேன்.

மகள்
தர்மபுரம்